முதல் ஊசி யாருக்கு? துணிப் பொம்மையிலிருந்து திரை நோயாளி வரை

(ஒலி வடிவில் வந்த எபிசோடின் எழுத்து வடிவம் இது. படிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கியும் திருத்தியும் இருக்கிறோம். பேச்சு நடையை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறோம்.)



இன்னைக்கு ஒரு கேள்வியோட ஆரம்பிக்கலாம். நீங்க ஆஸ்பத்திரியில் படுத்திருக்கீங்க. ட்ரிப்ஸ் ஏத்த ஒரு நர்ஸ் வர்றாங்க. கையைத் தட்டி நரம்பைத் தேடுறாங்க, ஊசியை ஏத்துறாங்க, பிளாஸ்திரி ஒட்டிட்டுப் போயிடறாங்க. ஒரு நிமிஷ வேலை. ஆனா அதே நர்ஸ், வாழ்க்கையில் முதல் தடவையா ஊசி ஏத்தினாங்களே, அது யாருக்கு? அன்னைக்கு அந்த ஊசி ஒரே குத்தில் போச்சா, நாலு தடவை குத்தினாங்களா? அந்தக் கையை நீட்டின ஆள் யார்?

எந்தத் தொழிலுக்கும் முதல் நாள் உண்டு. தச்சர் முதலில் அறுக்கும் பலகை வீணாகும், தையல்காரர் முதலில் வெட்டும் துணி கோணலாகும். பலகையும் துணியும் போனால் போகட்டும். நர்ஸுக்கோ கையில் கிடைப்பது ஒரு மனித உடம்பு. அந்த முதல் தவறை எங்கே செய்ய விடுவது என்பதுதான் நர்சிங் பயிற்சியின் வரலாறு முழுக்க ஓடுற பிரச்சினை.

இப்போ இதுக்கு ஒரு பதில் இருக்கு. விர்ச்சுவல் பேஷண்ட், அதாவது கம்ப்யூட்டர் திரையில் வரும் நோயாளி. அவருக்குப் பெயர் இருக்கும், வயசு இருக்கும், வியாதி இருக்கும். மாணவி அவரிடம் கேள்வி கேட்கணும், பிபி பார்க்கணும், எந்த மருந்து, எவ்வளவு, எப்போன்னு முடிவு செய்யணும். தப்பாச் செய்தா திரையில் இருப்பவரின் நிலைமை மோசமாகும். அப்புறம் முதலிலிருந்து மறுபடி ஆரம்பிக்கலாம். நிஜ வார்டில் அந்த 'மறுபடி' கிடையாது.

நிறையப் பேர் இது கொரோனா காலத்தில் வந்த விஷயம்னு நினைக்கிறாங்க. இல்லை. நர்சிங் மாணவிகளுக்கான கம்ப்யூட்டர் நோயாளி 1963-லேயே வந்தாச்சு. அதைச் செய்தவரும் ஒரு நர்ஸ்தான். அவரிடம் போறதுக்கு முன்னாடி, கொஞ்சம் பின்னாலிருந்து வரணும்.

ராஜா அனுப்பிய மருத்துவச்சி

பதினெட்டாம் நூற்றாண்டு பிரான்ஸ். கிராமங்களில் பிரசவத்தின்போது தாயும் குழந்தையும் இறந்துபோவது சாதாரணமாக நடந்துகொண்டிருந்தது. 1759-இல் மன்னர் பதினைந்தாம் லூயி, மேடம் து கூத்ரே என்ற மருத்துவச்சியை அழைத்து, நாடு முழுக்கப் போய்க் கிராமத்துப் பெண்களுக்குப் பிரசவம் பார்க்கக் கற்றுக்கொடுக்கச் சொன்னார்.

அவர் முன்னால் உட்கார்ந்த பெண்களில் பலருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. புத்தகம் கொடுத்துப் பயனில்லை. சொன்னதைக் கேட்டு மட்டும் பிரசவம் பார்க்க வராது. அதனால் அவர் ஒரு கருவியை வடிவமைத்தார். துணி, தோல், உள்ளே அடைப்பு வைத்துத் தைத்த, ஒரு பெண்ணின் இடுப்பளவு உடம்பு. உள்ளே வைக்கத் துணிக் குழந்தை ஒன்று. குழந்தையின் தலை கீழே இருந்தால் என்ன செய்வது, கால் முதலில் வந்தால் எப்படித் திருப்புவது என்று ஒவ்வொருத்தரும் கையால் செய்து பார்க்கலாம். இருபது வருஷத்துக்கும் மேல் அவர் இப்படி ஊர் ஊராகப் போனார். அந்தக் கருவிகளில் ஒன்று பிரான்ஸின் ரூவான் நகர அருங்காட்சியகத்தில் இன்றும் இருக்கிறது.

கால் முதலில் வரும் பிரசவத்தை ஒரு மருத்துவச்சி எப்போதாவதுதான் பார்ப்பாள். அது வரும்போது, அதற்கு முன் ஒரு தடவைகூடச் செய்து பார்க்காத கையோடு அவள் நிற்கக் கூடாது. து கூத்ரே தீர்க்க நினைத்தது இதைத்தான். இருநூற்று அறுபது வருஷம் கழிச்சு, இன்னைக்கு விர்ச்சுவல் பேஷண்ட் விற்கும் கம்பெனிகளும் ஏறக்குறைய இதே காரணத்தைத்தான் சொல்றாங்க.

ஏழைகள் படுத்திருந்த வார்டு

அடுத்த நூறு ஆண்டுகளில் நர்சிங் ஒரு தனித் தொழிலாக மாறியது. 1860-இல் லண்டனில் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் பெயரில் பயிற்சிப் பள்ளி தொடங்கியது. அங்கே கற்றுக்கொள்ளும் இடம் வார்டுதான். மூத்த சிஸ்டர் செய்வதைப் பார்க்கணும், கூடவே செய்யணும், பிறகு தனியாகச் செய்யணும். இந்த முறை உலகம் முழுக்கப் பரவியது.

அந்த வார்டில் படுத்திருந்தது யார்? அந்தக் காலத்தில் வசதியுள்ளவர்கள் ஆஸ்பத்திரிக்குப் போகமாட்டார்கள். டாக்டரும் நர்ஸும் அவர்கள் வீட்டுக்கு வருவார்கள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தவர்களில் பெரும்பாலோர் ஏழைகள். ஆக, புது மாணவியின் முதல் கட்டு, முதல் எனிமா, முதல் தவறு எல்லாம் ஏழையின் உடம்பில்தான் நடந்தது. யாரும் அவர்களிடம் சம்மதம் கேட்கவில்லை.

மாணவிகள் நிலைமையும் நல்லா இல்லை. குறிப்பாக அமெரிக்காவில் ஆஸ்பத்திரிகள் நர்சிங் பள்ளி நடத்தியதற்கு ஒரு முக்கியக் காரணம், மாணவிகள் குறைந்த செலவில் கிடைத்த வேலையாட்கள். பாடம் என்ற பெயரில் வார்டு முழுக்க அவர்கள் தலையில்தான். 1923-இல் வந்த கோல்ட்மார்க் அறிக்கை இதைத்தான் குறை சொன்னது: ஆஸ்பத்திரியின் வேலைத் தேவையும் மாணவியின் கல்வித் தேவையும் மோதும்போது, தோற்பது கல்விதான்.

இதற்கு மாற்று வேணும் என்ற குரலும் சீக்கிரமே வந்தது. 1874-இல் ஃப்ளாரன்ஸ் லீஸ் என்ற ஆங்கிலேய நர்ஸ், மருத்துவமனை சிஸ்டர்களுக்கான கையேடு ஒன்றை எழுதினார். கட்டுப் போட்டுப் பழகக் கை, கால் மாதிரிகள், இயந்திர பொம்மைகள், எலும்புக்கூடு எல்லாம் ஒவ்வொரு நர்சிங் பள்ளியிலும் இருக்கணும்னு அதில் சொல்லியிருக்கிறார்.

மிஸஸ் சேஸ் வந்த கதை

முப்பத்தேழு வருஷம் கழித்து, 1911. அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலம், ஹார்ட்ஃபோர்ட் மருத்துவமனையின் நர்சிங் பள்ளி. அதன் முதல்வர் லாடர் சதர்லாண்ட். வைக்கோல் அடைத்த பொம்மையை வைத்து மாணவிகளுக்குக் கற்றுக்கொடுத்து அலுத்துப்போனவர். பக்கத்து ரோட் ஐலண்ட் மாநிலத்தில், பாடக்கெட் என்ற ஊரில், குழந்தைகளுக்குத் துணிப் பொம்மை செய்து பேர் வாங்கிய மார்த்தா ஜென்க்ஸ் சேஸ் என்ற அம்மா இருந்தார். அவருடைய கணவர் டாக்டர். சதர்லாண்ட் அவரிடம் கேட்டது ஒன்றுதான்: ஆள் உயரத்தில் ஒரு பொம்மை வேணும்.

வந்தது, ஐந்தடி நாலு அங்குல உயரத்தில். தோள், முழங்கை, இடுப்பு, முழங்கால் எல்லாம் மடங்கும். மாணவிகள் அதைப் புரட்டினார்கள், குளிப்பாட்டினார்கள், உடை மாற்றினார்கள், கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றினார்கள். செய்தவர் பெயரையே அதற்கும் வைத்து 'மிஸஸ் சேஸ்' என்று கூப்பிட்டார்கள். 1914-இல் வந்த அடுத்த மாடலில் கையில் ஊசி போட ஒரு இடம், உள்ளே தண்ணீர்த் தொட்டி, எனிமாவும் கதீட்டரும் பழக வசதி எல்லாம் சேர்ந்தன. பின்னால் குழந்தை பொம்மைகளும், அமெரிக்க ராணுவத்துக்காக ஆண் பொம்மையும் வந்தன. பல பத்தாண்டுகளுக்கு, பல நாடுகளின் நர்சிங் பள்ளிகளில் மிஸஸ் சேஸ் கட்டிலில் படுத்திருந்தார்.

மிஸஸ் சேஸ் செய்த பெரிய உதவி என்னன்னா, அவருக்கு வலிக்காது. நூறு மாணவிகள் நூறு தடவை கதீட்டர் போடலாம். அவருடைய பெரிய குறையும் அதேதான். வலிக்கவில்லை என்பதால் மாணவி செய்தது சரியா தப்பா என்று அவர் சொல்லவே மாட்டார். ஊசி போட்ட பிறகு அவருக்கு மூச்சு முட்டாது, முகம் வெளுக்காது. கை வேலை எல்லாம் அவரிடம் கற்றுக்கொள்ளலாம். நோயாளியின் நிலைமை மாறுவதைக் கவனித்து முடிவெடுக்க அவரிடம் கற்றுக்கொள்ள முடியாது. ஒரு நல்ல நர்ஸுக்கு இரண்டாவதுதான் அதிகம் தேவைப்படும்.

பதில் சொல்லும் நோயாளி

இந்தக் குறையைச் சரிசெய்ய 1960-களில் ஒரே நேரத்தில் மூன்று வழிகளில் வேலை நடந்தது.

முதல் வழி, நல்ல பொம்மை. நார்வேயின் ஸ்டாவங்கர் நகரில் ஆஸ்மண்ட் லேர்டால் என்பவர் விளையாட்டுப் பொம்மை செய்துகொண்டிருந்தார். அவருடைய சின்னப் பையன் ஒருமுறை தண்ணீரில் மூழ்கி, மயிரிழையில் பிழைத்தவன். வாயோடு வாய் வைத்து மூச்சுக் கொடுக்கும் முறையைப் பழக ஒரு பொம்மை வேணும்னு மருத்துவர்கள் கேட்டபோது, அவர் உடனே ஒத்துக்கொண்டார். 1960-இல் வந்தது 'ரெசுசி ஆன்'. மூச்சுக் கொடுத்தால் மார்பு உயரும். சில ஆண்டுகளில் தெற்குக் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் 'சிம் ஒன்' வந்தது. கம்ப்யூட்டரால் இயங்கும் முழு உடம்பு. கண் சிமிட்டும், மூச்சு விடும், மருந்து கொடுத்தால் அதற்கேற்ப மாறும். மயக்க மருந்து டாக்டர்களுக்காகச் செய்தது. ஆனா செலவு அதிகம். ஒன்றே ஒன்றுதான் செய்யப்பட்டது.

இரண்டாவது வழி, நடிப்பு. அதே பல்கலைக்கழகத்தில் ஹோவர்ட் பாரோஸ் என்ற நரம்பியல் மருத்துவர், 1963-இல் ஆரோக்கியமான ஒரு பெண்ணுக்கு நோயாளி மாதிரி நடிக்கப் பயிற்சி கொடுத்தார். மருத்துவ மாணவர்கள் அவரைப் பரிசோதித்துப் பழகினார்கள். ஆரம்பத்தில் கேலி செய்தவர்கள் உண்டு. இன்று பல நாடுகளின் மருத்துவத் தேர்வுகளில் இப்படி நடிக்கும் நோயாளிகள் இருக்கிறார்கள்.

மூன்றாவது வழிதான் நம்ம கதை. இல்லினாய் பல்கலைக்கழகம், அர்பானா. அங்கே 1960-இல் டொனால்ட் பிட்சர் என்ற பொறியாளர், பிளேட்டோ என்று ஒரு கம்ப்யூட்டர் பாடமுறையை உருவாக்கினார். மாணவர் முன்னால் டிவி மாதிரி ஒரு திரை, ஒரு சின்ன கீபோர்டு. அறையை நிறைக்கும் கம்ப்யூட்டர் வேறெங்கோ இருக்கும். டொனால்டின் மனைவி மேரியான் பிட்சர் ஒரு நர்ஸ். அவருக்கு ஒரு யோசனை: இந்தத் திரையில் ஒரு நோயாளியை வைத்தால் என்ன?

1963-இல் அவர் அதைச் செய்தார். திரையில் இருந்தது ஒரு இதய நோயாளி. மாணவியிடம் யாரும் பாடம் ஒப்பிக்க மாட்டார்கள். நோயாளி பற்றி என்ன தெரிஞ்சுக்கணும், எதைச் செய்யணும் என்று மாணவிதான் கீபோர்டில் கேட்கணும். கேட்டதற்கு மட்டும் பதில் வரும். கேட்காததைக் கம்ப்யூட்டர் தானாகச் சொல்லாது. மாணவி தானே தேடிக் கண்டுபிடிப்பதுதான் இதன் அடிப்படை. 1966-இல் 'நர்சிங் ரிசர்ச்' இதழில் இதைப் பற்றி அவர் எழுதினார். பிறகு மகப்பேறு நர்சிங் பாடங்களும் பிளேட்டோவில் வந்தன.

யோசிச்சுப் பாருங்க. வீட்டுக் கம்ப்யூட்டர் என்ற சொல்லே யாருக்கும் தெரியாத காலம். அப்போ ஒரு நர்ஸ், மிஸஸ் சேஸிடம் இல்லாத அந்த ஒரு விஷயத்தைச் சரியாகப் பிடித்தார். கைக்குப் பயிற்சி கொடுக்கப் பொம்மை இருக்கு. எதைக் கேட்கணும், எதை முதலில் செய்யணும் என்ற யோசனைக்குப் பயிற்சி கொடுக்க ஒன்றும் இல்லை. திரை நோயாளிக்கு உடம்பு கிடையாது, ஆனா பதில் உண்டு.

டொனால்ட் பிட்சர் பெயர் தொழில்நுட்ப வரலாற்றில் நிற்கிறது. பிளேட்டோவுக்காக 1964-இல் அவரும் சகாக்களும் கண்டுபிடித்த பிளாஸ்மா திரை பின்னால் டிவியாக வீடுகளுக்கு வந்தது. மேரியான் பெயரை அவ்வளவாக யாரும் சொல்வதில்லை. அதனாலதான் இந்த எபிசோடில் கொஞ்சம் அழுத்திச் சொல்றேன்.

பாதி பயிற்சி பொம்மையிடம்?

அதற்கப்புறம் பல வருஷம் இது பெரிதாகப் பரவவில்லை. கம்ப்யூட்டர் விலை ஒரு காரணம். ஆஸ்பத்திரியில் நடக்கும் தவறுகளைப் பற்றி வெளிப்படையாகப் பேசும் வழக்கம் இல்லாதது இன்னொன்று. 1999-இல் அமெரிக்காவின் மருத்துவ நிறுவனம் ஒரு அறிக்கை வெளியிட்டது. தவிர்த்திருக்கக்கூடிய மருத்துவத் தவறுகளால் அந்நாட்டு மருத்துவமனைகளில் வருஷத்துக்கு 44,000 முதல் 98,000 பேர் வரை இறக்கிறார்கள் என்று அது மதிப்பிட்டது. விமானிகள் சிமுலேட்டரில் பழகாமல் விமானத்தைத் தொடுவதில்லை, நாம் மட்டும் ஏன் இப்படி என்ற கேள்வி பலமாக எழுந்தது. அடுத்த ஆண்டே பேசும், மூச்சு விடும், நாடி துடிக்கும் பொம்மைகள் சந்தைக்கு வந்தன. திரை நோயாளிகளும் பின்னாலேயே வந்தார்கள்.

அதே சமயம் நர்சிங் கல்லூரிகள் பெருகின. மாணவர்களை அனுப்ப ஆஸ்பத்திரிகளில் இடம் போதவில்லை. அப்போ கல்லூரிகள் ஒரு கேள்வி கேட்டன: வார்டில் இருக்க வேண்டிய நேரத்தில் எவ்வளவை சிமுலேஷனாக மாற்றலாம்?

அமெரிக்காவின் நர்சிங் மாநில வாரியங்களின் தேசியக் கூட்டமைப்பு, 2011-இல் பத்து நர்சிங் கல்லூரிகளை வைத்து இதைச் சோதித்தது. மாணவர்களை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழு வழக்கம்போல வார்டில், 10 சதவீதம் வரைதான் சிமுலேஷன். இரண்டாவதற்கு 25 சதவீதம். மூன்றாவதற்கு 50 சதவீதம். 666 பேர் கடைசி வரை இருந்தார்கள். 2014-இல் முடிவு வந்தது. உரிமத் தேர்வில் தேர்ச்சியிலும், வேலைக்குச் சேர்ந்த முதல் ஆறு மாதத் திறமையிலும் மூன்று குழுவுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

இந்த முடிவைக் கேட்டதும் ஒரு கல்லூரி நிர்வாகி என்ன நினைப்பார்? பாதி வார்டு நேரத்தை வெட்டிடலாம், சாஃப்ட்வேர் வாங்கினா போதும். இங்கேதான் கவனமா இருக்கணும். அந்த ஆய்வில் சிமுலேஷன் என்றால் திரை மட்டும் இல்லை. உயர்தரப் பொம்மை, நடிக்கும் நோயாளி, கம்ப்யூட்டர் பயிற்சி எல்லாம் கலந்தது. நடத்திய ஆசிரியர்களுக்கு அதற்கென்றே தனிப் பயிற்சி கொடுத்திருந்தார்கள். எல்லாத்துக்கும் மேல, ஒவ்வொரு பயிற்சி முடிந்ததும் ஆசிரியரும் மாணவர்களும் உட்கார்ந்து பேசினார்கள். டீப்ரீஃபிங் என்று சொல்வார்கள். நீ ஏன் அந்த மருந்தை முதலில் கொடுத்தே? நோயாளி நெஞ்சைப் பிடிச்சப்போ உன் மனசில் என்ன ஓடிச்சு? திட்டாமல் இப்படிக் கேட்டுக் கேட்டு, மாணவியே தன் தவறைப் பார்க்கும்படி செய்வது. இதையெல்லாம் விட்டுட்டு 50 என்ற எண்ணை மட்டும் எடுத்துக்கிட்டா, அந்த ஆய்வு சொல்லாததை நாம சொல்றோம்னு அர்த்தம்.

2020-இல் யாரையும் கேட்காமலேயே சோதனை வந்தது. கொரோனாவால் ஆஸ்பத்திரிக் கதவுகள் மாணவர்களுக்கு மூடின. பல நாடுகளில் கடைசி வருஷ மாணவர்கள் திரை நோயாளிகளை வைத்தே பயிற்சி நேரத்தை முடித்தார்கள். நம்ம நாட்டிலும் அடுத்த ஆண்டு வந்த பி.எஸ்சி. நர்சிங் திருத்திய பாடத்திட்டம் சிமுலேஷனுக்கு இடம் கொடுத்தது.

திரை சொல்லாதது

திரை நோயாளிக்கு வாசனை கிடையாது. சீழ் பிடித்த புண்ணின் நாற்றத்தை முதல் தடவை முகரும்போது முகம் சுளிக்காமல் இருக்க அது கற்றுத் தராது. காய்ச்சல் உடம்பின் சூடு கைக்குத் தெரியாது. கேள்வி கேட்டால் ஒழுங்காகப் பதில் சொல்லும். நிஜப் பாட்டி அப்படியா? வலி எங்கேன்னு கேட்டா மருமகளைப் பத்திப் பேசும். அந்தப் பேச்சுக்கு நடுவில் தான் மாத்திரையை நிறுத்தி நாலு நாளாச்சுன்னும் சொல்லும். அதைக் காதில் வாங்க வார்டுக்குத்தான் போகணும்.

அப்போ திரை எதுக்கு? வார்டில் அபூர்வமாக வரும் ஆபத்துகளைப் பல தடவை பார்க்கறதுக்கு. ரத்தம் ஏத்தும்போது ஒவ்வாமை, பிரசவத்துக்குப் பிறகு நிற்காத ரத்தப்போக்கு. மூணு வருஷம் வார்டில் நின்னாலும் ஒரு மாணவி இதை ஒருமுறைகூடப் பார்க்காமல் போகலாம். பார்த்தாலும் அவளை ஓரமாக நிற்கச் சொல்லிட்டு மூத்தவங்க ஓடுவாங்க. அடுத்த தடவை அவளே மூத்தவளாக, நைட் டியூட்டியில் தனியா இருப்பாள். து கூத்ரே பயந்தது இந்த ராத்திரியைத்தான்.

துணிப் பொம்மை வந்தபோதும் வார்டு போகவில்லை. வார்டுக்குப் போகும் கை கொஞ்சம் பழகிய கையாகப் போனது, அவ்வளவுதான். திரை நோயாளியையும் அப்படி வைத்துக்கொண்டால் நல்லது. வார்டுக்குப் பதிலாகவே வைத்துக்கொண்டால், முதல் தவறு மறைஞ்சு போகாது. வேலைக்குச் சேர்ந்த முதல் மாசத்துக்குத் தள்ளிப் போகும். அப்போ கட்டிலில் படுத்திருப்பவருக்கு, இது அந்த நர்ஸோட முதல் தடவைன்னு தெரியக்கூட வாய்ப்பில்லை.

அடுத்த முறை வெள்ளைச் சீருடையில் ஒரு மாணவி, கையில் ட்ரேயோடு தயங்கித் தயங்கி உங்க கட்டில் பக்கம் வந்தா, ஒரு நிமிஷம் பொறுத்துக்கோங்க. பின்னாடி அவங்க டீச்சர் நிக்கிறாங்களான்னும் பாருங்க. நின்னா, தைரியமா கையை நீட்டுங்க.

இந்த எபிசோடைக் கேட்கும் நர்ஸுகள் நிறையப் பேர் இருப்பீங்க. உங்க முதல் ஊசி பொம்மைக்கா, கூடப் படிச்ச தோழிக்கா, நோயாளிக்கான்னு எங்களுக்கு எழுதுங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.